பட்டறைக்குப் பக்கத்தில் ஒரு கல்லூரி

1824ஆம் ஆண்டு ஜூன் மாதம், அமெரிக்காவின் வட கரோலைனா மாநிலத் தலைநகர் ராலேயில் வெளிவந்த பத்திரிகை ஒன்றில் ஜேம்ஸ் செல்பி என்ற தையற்கடைக்காரர் ஒரு விளம்பரம் கொடுத்திருந்தார். தொழில் பழகுவதற்காகத் தன்னிடம் ஒப்பந்தம் எழுதி ஒப்படைக்கப்பட்டிருந்த இரண்டு பையன்கள் ஓடிப்போய்விட்டார்கள். இருவரையும் பிடித்து வந்து தருபவருக்கு 10 டாலர் பரிசு. இளையவனை மட்டும் கொண்டுவந்தாலும் அதே 10 டாலர் கிடைக்கும். 15 வயதே ஆகியிருந்த அந்த இளையவனின் பெயர் ஆண்ட்ரூ ஜான்சன். 1865இல் அவர் அமெரிக்காவின் 17ஆவது ஜனாதிபதி ஆனார்.

அதே மாநிலத்தின் சார்லட் நகரத்தில் இன்று ஓர் இளைஞர் அப்ரண்டிஸாகச் சேர்ந்தால் நிலைமை வேறு. வாரத்தில் சில நாள் தொழிற்சாலையில் லேத் முன்னால் நிற்பார். சில நாள், சமுதாயக் கல்லூரி எனப்படும் உள்ளூர் ஈராண்டுக் கல்லூரியில் கணக்கும் வரைபடமும் படிப்பார். கல்லூரிக் கட்டணத்தைக் கம்பெனி கட்டும். சம்பளமும் உண்டு. படிப்பு முடியும்போது கையில் ஒரு பட்டயமும் ஒரு தொழிற்சான்றிதழும் இருக்கும், கடன் இருக்காது. தேடப்படும் பையனிலிருந்து தேடிச் சேரும் இளைஞர் வரையிலான இந்தத் தூரத்தைக் கடக்க இரண்டு நூற்றாண்டுகள் ஆயின. அந்தப் பாதையில் பட்டறையும் வகுப்பறையும் பல காலம் ஒன்றையொன்று திரும்பிப் பார்க்காமலே நடந்தன. இரண்டையும் சேர்த்து வைத்ததில் அமெரிக்கச் சமுதாயக் கல்லூரிகளுக்குப் பெரிய பங்கு உண்டு.

தொழில் பழக ஆள் எழுதிவிடும் வழக்கம் இங்கிலாந்திலிருந்து போனது. 1563இல் முதலாம் எலிசபெத் அரசி காலத்தில் வந்த சட்டம், பல தொழில்களுக்குக் குறைந்தது ஏழாண்டுப் பயிற்சி வேண்டும் என்று விதித்தது. அமெரிக்கக் குடியேற்றங்கள் அதே வழக்கத்தைப் பின்பற்றின. ஒப்பந்தம் எழுதும் முறை கவனிக்கத்தக்கது. ஒரே தாளில் இரண்டு படிகள் எழுதுவார்கள். பிறகு நடுவே பல் பல்லாக வெட்டி ஆளுக்கு ஒரு துண்டை வைத்துக்கொள்வார்கள். நாளை வழக்கு என்று வந்தால் இரண்டு துண்டுகளையும் சேர்த்து வைத்துப் பார்ப்பார்கள். வெட்டு பொருந்தினால் பத்திரம் நிஜம். சோறும் துணியும் படுக்க இடமும் தந்து தொழிலின் சூட்சுமத்தைக் கற்றுத்தருவது எஜமானின் கடமை. தொழில் ரகசியத்தைக் காப்பதும், சூதாடாமல், மதுக்கடைக்குப் போகாமல், கல்யாணம் செய்துகொள்ளாமல் காலத்தை முடிப்பதும் பையனின் கடமை.

பெஞ்சமின் ஃபிராங்க்ளின் 12 வயதில் இப்படித்தான் பாஸ்டனில் அச்சகம் வைத்திருந்த சொந்த அண்ணன் ஜேம்ஸிடம் எழுதிக்கொடுக்கப்பட்டார். 21 வயது வரை உழைக்க வேண்டும். கடைசி ஒரு வருஷத்துக்கு மட்டுமே முழுத் தொழிலாளிக்குரிய கூலி. அண்ணனின் அடியைப் பொறுக்க முடியாமல் 1723இல், 17 வயதில், அவரும் ஓடிப்போனார். ஃபிலடெல்ஃபியாவில் அவரைக் காப்பாற்றியது அண்ணனிடம் கற்ற அச்சுத் தொழில்தான். ஜான்சனுக்கும் அப்படியே. பள்ளிக்கூடத்தையே பார்க்காத அவர், தையற்கடையில் வேலை நடக்கும்போது யாராவது வந்து புத்தகம் வாசித்துக் காட்டுவதைக் கேட்டுத்தான் எழுத்தின் மேல் ஆசை கொண்டார். ஓடிப்போன இருவரையும் வாழவைத்தது அவர்கள் கைக்கு வந்திருந்த தொழில். அவர்களை ஓடவைத்தது அந்தத் தொழிலைக் கற்பித்த விதம்.

இந்த வழக்கத்தின் மிக இருண்ட அத்தியாயம் ஜான்சன் ஜனாதிபதியாக இருந்தபோதே எழுதப்பட்டது. உள்நாட்டுப் போர் முடிந்து அடிமை முறை ஒழிந்த 1865இல், மிசிசிப்பி மாநிலம் ஒரு சட்டம் கொண்டுவந்தது. பெற்றோர் இல்லாத, அல்லது பெற்றோரால் காப்பாற்ற முடியாத கறுப்பினச் சிறுவர் சிறுமியரை நீதிமன்றம் 'அப்ரண்டிஸ்' என்று எழுதி ஓர் எஜமானிடம் ஒப்படைக்கலாம். பழைய அடிமை எஜமானுக்கே முன்னுரிமை. தெற்கு மாநிலங்கள் பலவற்றில் இதே கதை. மேரிலாந்தில் இது இன்னும் முன்பே தொடங்கிவிட்டது. அங்கே அடிமை முறை ஒழிந்தது 1864 நவம்பர் 1ஆம் தேதி. அந்த வாரமே பழைய எஜமானர்கள் வண்டி வண்டியாகக் குழந்தைகளை நீதிமன்றத்துக்குக் கூட்டிவந்து பத்திரம் எழுதிக்கொண்டார்கள்.

அப்படி எழுதப்பட்ட குழந்தைகளில் ஒருத்தி எலிசபெத் டர்னர். அவளது வழக்கு 1867இல் உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதி சால்மன் சேஸ் முன் பால்டிமோரில் விசாரணைக்கு வந்தது. அவளுக்காக எழுதப்பட்ட பத்திரத்தையும், வெள்ளையினப் பிள்ளைகளுக்கு மேரிலாந்துச் சட்டம் வகுத்திருந்த நிபந்தனைகளையும் அவர் ஒப்பிட்டார். வெள்ளைப் பிள்ளைக்கு எஜமான் எழுதப் படிக்கவும் கணக்குப் போடவும் கற்றுத்தர வேண்டும். கறுப்புப் பிள்ளைக்கு அந்த வரி இல்லை. ஆகவே இது பயிற்சியே அல்ல, வேறு பெயரில் நடக்கும் அடிமைத்தனம் என்று சேஸ் அவளை விடுவித்தார். தீர்ப்புக்கு ஆதாரமாக அவர் காட்டியவற்றில் ஒன்று 1866ஆம் ஆண்டுக் குடிமை உரிமைகள் சட்டம். ஜான்சன் ஒப்புதல் தர மறுத்து, காங்கிரஸ் அவரையும் மீறி நிறைவேற்றிய சட்டம் அது.

பயிற்சிக்கும் வெறும் உழைப்புச் சுரண்டலுக்கும் நடுவே உள்ள கோடு எது என்பதை அந்தத் தீர்ப்பு காட்டிவிட்டது. பத்திரத்தில் படிப்புக்கு இடம் இருக்கிறதா என்பதே அந்தக் கோடு. ஆனால் அந்தப் படிப்பை எங்கே, யார் தருவது என்ற கேள்விக்கு அப்போது பதில் இல்லை.

பிறகு ஆலைகள் வந்தன. செருப்புத் தைப்பதில் தோல் வெட்டுவது ஒருவர், அடிப்பாகம் ஒட்டுவது இன்னொருவர் என்று வேலை துண்டு துண்டானபோது, ஏழாண்டு பழகிய தொழிலாளிக்குத் தேவை குறைந்தது. இரண்டு வாரத்தில் ஒரு பையனை இயந்திரத்தின் முன் நிறுத்திவிடலாம். அவனுக்கு அந்த ஒரு அசைவு தவிர வேறெதுவும் தெரியாது. அந்த இயந்திரம் போனால் அவன் பிழைப்பும் போகும். அதே வேளையில் இயந்திரங்களைச் செய்யவும் பழுது பார்க்கவும் தெரிந்த ஆட்களுக்குப் பஞ்சம் வந்தது. ஐரோப்பாவிலிருந்து கப்பலேறி வந்த தேர்ந்த தொழிலாளர்களை நம்பித்தான் பல பட்டறைகள் ஓடின.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இரண்டு சிறிய காரியங்கள் நடந்தன. முதலாவது 1901இல், சிகாகோவுக்குப் பக்கத்திலுள்ள ஜோலியட் ஊரில். சிகாகோ பல்கலைக்கழகத் தலைவர் வில்லியம் ரெய்னி ஹார்ப்பரும் அவ்வூர் உயர்நிலைப் பள்ளியைக் கவனித்துவந்த ஸ்டான்லி பிரவுனும் சேர்ந்து, வெளியூர் போக முடியாத மாணவர்களுக்குக் கல்லூரியின் முதலிரண்டு ஆண்டுப் பாடங்களை உள்ளூரிலேயே நடத்த ஏற்பாடு செய்தார்கள். சேர்ந்தவர்கள் 6 பேர். அந்த ஜோலியட் ஜூனியர் கல்லூரிதான் இன்று அமெரிக்காவின் மிகப் பழைய பொதுச் சமுதாயக் கல்லூரியாக இருக்கிறது.

இரண்டாவது 1911இல், விஸ்கான்சின் மாநிலத்தில். சட்டமன்ற ஆய்வு நூலகத்தை நடத்திவந்த சார்ல்ஸ் மெக்கார்த்தி, ஜெர்மனியில் இளந்தொழிலாளர்கள் வேலைக்கு நடுவே பள்ளிக்குப் போய்வரும் முறையை ஆராய்ந்து, அதைத் தம் மாநிலத்துக்கு ஏற்றவாறு கொண்டுவரப் பாடுபட்டார். அதன் பயனாக வந்த சட்டம் அப்ரண்டிஸ் ஒப்பந்தங்களை மாநில அரசின் கண்காணிப்புக்குள் கொண்டுவந்தது. வாரத்துக்கு 5 மணி நேரம் பையன் வகுப்புக்குப் போயாக வேண்டும். அந்த 5 மணி நேரத்துக்கும் முதலாளி கூலி தர வேண்டும். அதே ஆண்டு நவம்பரில் ரசீன் நகரத்தில் அப்படிப்பட்ட தொடர்பள்ளி ஒன்று திறந்தது. இன்றைய விஸ்கான்சின் தொழில்நுட்பக் கல்லூரிகளின் வேர் அங்கே இருக்கிறது.

5 மணி நேரம் என்பது பெரிய நேரம் இல்லைதான். ஆனாலும், படிக்கும் நேரமும் வேலை நேரத்தில் சேர்த்தி என்று ஓர் அமெரிக்க மாநிலம் சட்டமாக எழுதியது பெரிய திருப்பம். எலிசபெத் டர்னரின் பத்திரத்தில் இல்லாமல் போன வரி இங்கே எழுதப்பட்டது. அதை நிறைவேற்ற ஒரு பள்ளிக்கட்டடமும் எழும்பியது.

விஸ்கான்சின் வழியை நாடு முழுதும் பின்பற்ற மேலும் 26 ஆண்டுகள் ஆயின. 1937 ஆகஸ்ட் 16ஆம் தேதி ஜனாதிபதி ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட் தேசிய அப்ரண்டிஸ் சட்டத்தில் கையெழுத்திட்டார். அதைக் கொண்டுவந்தவர் கனெக்டிகட் மாநிலத்து உறுப்பினர் வில்லியம் ஃபிட்ஸ்ஜெரால்ட். வார்ப்படப் பட்டறையில் வேலை செய்து மேலே வந்தவர். மிகச் சிறிய சட்டம். யாரையும் எதற்கும் கட்டாயப்படுத்தவில்லை. அப்ரண்டிஸ்களின் நலனைக் காக்கும் தரங்களை வகுக்கும் பொறுப்பைத் தொழிலாளர் துறையிடம் ஒப்படைத்தது, அவ்வளவுதான். அந்தத் தரங்களின்படிதான் இன்றும் அப்ரண்டிஸ் பயிற்சிகளை அரசிடம் பதிவு செய்கிறார்கள். குறைந்தது 2000 மணி நேரம் வேலையில் பயிற்சி இருக்க வேண்டும். ஆண்டுக்கு 144 மணி நேரமாவது பாடம் இருப்பது நல்லது. திறமை ஏற ஏறக் கூலியும் ஏற வேண்டும். எல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும்.

சட்டம் வந்த பின்னும் வாசல் எல்லோருக்கும் திறக்கவில்லை. குழாய் வேலை, மின்வேலை, இரும்புக் கட்டுமானம் போன்றவற்றில் தொழிற்சங்கங்களும் முதலாளிகளும் சேர்ந்து நடத்திய பயிற்சிகள் தரமானவை, கூலியும் கௌரவமானது. ஆனால் இடங்கள் அப்பாவிடமிருந்து பிள்ளைக்கு, மாமனிடமிருந்து மருமகனுக்கு என்று கைமாறின. கறுப்பினத்தவருக்கும் பெண்களுக்கும் அங்கே வழியே இல்லை. 1960களில் நியூயார்க்கில், தொழிலாளர் தலைவர் ஃபிலிப் ராண்டால்ஃபின் பெயர் தாங்கிய அமைப்பு, கறுப்பின இளைஞர்களை அப்ரண்டிஸ் நுழைவுத் தேர்வுகளுக்குத் தயார்செய்யும் வேலையில் இறங்கியது. அதை முன்னின்று நடத்தியவர் எர்னெஸ்ட் கிரீன். 1957இல் லிட்டில் ராக் நகரத்து வெள்ளையர் பள்ளிக்குள் ராணுவக் காவலுடன் நுழைந்த ஒன்பது கறுப்பின மாணவர்களில் ஒருவர் அவர். பின்னாளில் ஜிம்மி கார்ட்டர் அரசில் தொழிலாளர் துறையின் உதவிச் செயலராகப் பயிற்சி, வேலைவாய்ப்புப் பிரிவைக் கவனித்தார். அவர் பொறுப்பில் இருந்தபோதுதான், 1978இல், அப்ரண்டிஸ் சேர்க்கையில் பெண்களுக்கும் இலக்கு வைக்க வேண்டும் என்ற விதி வந்தது.

இதற்கிடையில் கல்லூரிகள் வேறு திசையில் பெருகிக்கொண்டிருந்தன. 1944இல் வந்த போர்வீரர் நலச் சட்டத்தின் கீழ் 78 லட்சம் பேர் படித்தார்கள் அல்லது பயிற்சி பெற்றார்கள். அவர்களில் கல்லூரிக்குப் போனவர்கள் 22 லட்சம் பேர். மற்றவர்கள் தொழிற்பள்ளியிலும் வேலையிடத்திலும் கற்றார்கள். 1947இல் ஜனாதிபதி ட்ரூமன் அமைத்த உயர்கல்விக் குழு, ஊருக்கு ஊர் சமுதாயக் கல்லூரி வேண்டும் என்று பரிந்துரைத்தது. 1960களில் அவை மளமளவென்று எழும்பின. இன்று நாடு முழுதும் ஆயிரத்துக்கு மேல் இருக்கின்றன.

கல்லூரி பெருகியும் அப்ரண்டிஸ் பயிற்சி பெருகவில்லை. அது கட்டுமானத் தொழிலின் வேலியைத் தாண்டவே இல்லை. பிள்ளை பட்டதாரி ஆக வேண்டும் என்பதே பெற்றோரின் கனவு. கையில் கிரீஸ் படும் வேலை இரண்டாம்பட்சம். கல்லூரியில் தொழிற்பிரிவு இருந்தாலும், பக்கத்துத் தொழிற்சாலையில் என்ன இயந்திரம் ஓடுகிறது என்று ஆசிரியருக்குத் தெரியாது. தொழிற்சாலைக்காரருக்கோ கல்லூரியில் என்ன நடத்துகிறார்கள் என்று தெரியாது. சங்கத்தின் பயிற்சிக்கூடத்தில் நான்காண்டு படித்தவருக்குக் கல்லூரி ஒரு மதிப்பெண்கூடத் தராது.

மாற்றம் வந்தது, சங்கங்கள் மிகவும் பலவீனமாக இருந்த ஒரு மாநிலத்திலிருந்து. தென் கரோலைனா பருத்தியையும் நூற்பாலையையும் நம்பி வாழ்ந்த ஏழை மாநிலம். 1961இல் ஆளுநர் எர்னெஸ்ட் ஹாலிங்ஸ் காலத்தில் அது ஒரு முடிவெடுத்தது: புதிய தொழிற்சாலை அமைக்க யார் வந்தாலும், அவர்களுக்கு வேண்டிய ஆட்களை மாநிலச் செலவில் பயிற்றுவித்துத் தருவோம். 1962இல் கிரீன்வில் நகரத்தில் முதல் தொழில்நுட்பப் பயிற்சி மையம் திறந்தது. அது வளர்ந்து 16 தொழில்நுட்பக் கல்லூரிகள் கொண்ட அமைப்பாயிற்று. மிஷலான் டயர் கம்பெனி வந்தது. 1992இல் பிஎம்டபிள்யூ ஸ்பார்ட்டன்பர்க் பக்கத்தில் கார் ஆலை அமைப்பதாக அறிவித்து, 1994இல் முதல் காரை வெளியே அனுப்பியது. ஜெர்மானியக் கம்பெனிகள் தங்கள் நாட்டில் தலைமுறை தலைமுறையாகப் பழகிய அப்ரண்டிஸ் முறையை இங்கே தேடின, கிடைக்கவில்லை.

2007இல் தென் கரோலைனாவின் கல்லூரி அமைப்புக்குள்ளேயே 'அப்ரண்டிஸ்ஷிப் கரோலைனா' என்ற சிறிய பிரிவு தொடங்கப்பட்டபோது, மாநிலம் முழுக்க அப்ரண்டிஸ் எடுத்த கம்பெனிகள் 90. அப்ரண்டிஸ்கள் 777 பேர்.

இந்தப் பிரிவு செய்த வேலை வெளியே தெரியாத வகை. பதிவுக்குரிய படிவங்கள் சிறு முதலாளிகளை மிரட்டின. ஒரு மெஷினிஸ்ட் அப்ரண்டிஸை எடுக்க வேண்டுமானால், லேத்தில் எத்தனை மணி நேரம், மில்லிங்கில் எத்தனை, கிரைண்டிங்கில் எத்தனை, அளவெடுக்க எத்தனை என்று ஒவ்வொன்றுக்கும் நேரம் குறித்த அட்டவணை வேண்டும். முதல் ஆறு மாதக் கூலி தேர்ந்த தொழிலாளியின் கூலியில் எத்தனை சதவீதம், அடுத்து எத்தனை என்று இன்னோர் அட்டவணை. ஒரு தேர்ந்த தொழிலாளிக்கு எத்தனை அப்ரண்டிஸ் என்ற விகிதம். கல்லூரியில் எந்தப் பாடம், எத்தனை மணி நேரம். இருபது பேர் வேலை செய்யும் பட்டறைக்காரர் இதையெல்லாம் எழுத உட்கார்ந்தால் அன்றைய உற்பத்தி நின்றுபோகும். அந்தப் பிரிவின் ஆலோசகர்கள் கம்பெனி கம்பெனியாக நேரில் போனார்கள். பட்டறையைச் சுற்றிப் பார்த்து, மேஸ்திரியிடம் பேசி, பத்திரத்தைத் தாங்களே காசு வாங்காமல் எழுதித் தந்தார்கள். பக்கத்துக் கல்லூரியில் பாடத்துக்கும் ஏற்பாடு செய்தார்கள். மாநில அரசு அப்ரண்டிஸ் ஒருவருக்கு ஆண்டுக்கு 1000 டாலர் வரிச்சலுகை தந்தது. பத்தாண்டுகளுக்குள் கம்பெனிகளின் எண்ணிக்கை பல மடங்கு ஏறியது. அவற்றில் மருத்துவமனைகளும் இருந்தன, கணினி நிறுவனங்களும் இருந்தன. 2014இல் சார்ல்ஸ்டன் நகரத்து டிரைடன்ட் தொழில்நுட்பக் கல்லூரி, பள்ளியின் கடைசி இரண்டு வகுப்பு மாணவர்களையே அப்ரண்டிஸ்களாகச் சேர்க்கும் ஏற்பாட்டைத் தொடங்கியது.

ஆண்ட்ரூ ஜான்சன் ஓடிப்போன வட கரோலைனாவில் இதைவிடப் பழைய முயற்சி ஒன்று உண்டு. 1995இல் சார்லட் வட்டாரத்தில், அலமாரிக் கீல் செய்யும் ஆஸ்திரியக் கம்பெனியான புளும், சுவிட்சர்லாந்துக் கம்பெனியான டேட்வைலர் ஆகியவை சேர்ந்து 'அப்ரண்டிஸ்ஷிப் 2000' என்ற கூட்டைத் தொடங்கின. பக்கத்துணை சென்ட்ரல் பீட்மான்ட் சமுதாயக் கல்லூரி. உயர்நிலைப் பள்ளி மாணவர்களைத் தொழிற்சாலைக்கு வரவழைத்து, சில நாள் வேலை செய்யச் சொல்லி, கோடை விடுமுறையில் சோதித்துப் பார்த்துத்தான் தேர்ந்தெடுப்பார்கள். பயிற்சி 4 ஆண்டு, மொத்தம் 8000 மணி நேரம். கல்லூரியில் இருக்கும் நேரத்துக்கும் சம்பளம். முடிவில், இயந்திரவியலும் மின்னணுவியலும் சேர்ந்த மெக்கட்ரானிக்ஸ் படிப்பில் பட்டயம்.

அந்தப் பயிற்சியின் முதல் மாதங்களை அருகில் போய்ப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். கணினியால் ஓடும் இயந்திரத்தின் முன் யாரையும் உடனே நிறுத்துவதில்லை. கையில் அரத்தைக் கொடுத்து, ஒரு இரும்புத் துண்டைச் சதுரமாகத் தேய்க்கச் சொல்கிறார்கள். மூலைமட்டம் வைத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க வேண்டும். ஒளி கசிந்தால் மறுபடி தேய்க்க வேண்டும். மைக்ரோமீட்டரில் அளவெடுக்க வேண்டும். நம் ஐடிஐகளில் ஃபிட்டர் பிரிவில் சேர்ந்த யாருக்கும் இந்தக் காட்சி புதிதல்ல. உலோகம் எப்படி விட்டுக்கொடுக்கும் என்பதைக் கை உணர்ந்த பிறகு, அதே வாரம் கல்லூரி வகுப்பில் கோணவியல் நடத்தும்போது கணக்கு பிடிபட்டுவிடுகிறது. பள்ளியில் கணக்கில் பின்தங்கிய பிள்ளைகள் பலர் இங்கே தலைநிமிர்வதற்குக் காரணம் இதுதான்.

சார்லட்டில் எரிவாயு டர்பைன் ஆலையை விரிவாக்கிய சீமென்ஸ் கம்பெனியும் இதே கல்லூரியோடு கைகோத்தது. லேசர், ரோபோ பாடங்களைக் கம்பெனியும் கல்லூரியும் சேர்ந்து வகுத்தன. மெக்கானிக் வேலையை இழந்த, தனியாகப் பிள்ளை வளர்க்கும் ஒரு தாய், அங்கே படித்து அந்த ஆலையில் வேலைக்குச் சேர்ந்த கதையை, 2012 ஜனவரியில் நாடாளுமன்ற உரையில் ஜனாதிபதி ஒபாமா நாட்டுக்குச் சொன்னார். கென்டக்கியில் டொயோட்டா ஆலை 2010இல் புளூகிராஸ் சமுதாயக் கல்லூரியோடு சேர்ந்து, இரண்டு நாள் வகுப்பு, மூன்று நாள் வேலை என்ற திட்டத்தைத் தொடங்கியிருந்தது. பக்கத்துக் கம்பெனிகளும் சேர, அது பல மாநிலங்களுக்குப் பரவியது.

2016இல் சிகாகோ புறநகரில் ஒரு புதிய வாசல் திறந்தது. ஜூரிக் இன்சூரன்ஸ் கம்பெனி அலுவலக வேலைக்கு அப்ரண்டிஸ்களை எடுத்தது. அவர்களுக்கு லேத்தும் இல்லை, அரமும் இல்லை. இழப்பீட்டு மனுக்களை ஆராய்வதும் காப்பீட்டு ஆபத்தை எடைபோடுவதும்தான் தொழில். அதுவரை அந்த நாற்காலிகள் நான்காண்டுப் பட்டதாரிகளுக்கு மட்டுமே உரியவை என்று நினைத்திருந்தார்கள். பாடம் நடத்திய சமுதாயக் கல்லூரியின் பெயர் ஹார்ப்பர் கல்லூரி. 1901இல் ஜோலியட்டில் ஆறு மாணவர்களோடு தொடங்கிவைத்த அதே வில்லியம் ரெய்னி ஹார்ப்பரின் பெயர். மறு ஆண்டே ஏயான், அக்சென்ச்சர் நிறுவனங்களும் ஜூரிக்கோடு சேர்ந்து சிகாகோவில் ஒரு கூட்டமைப்பை உருவாக்கின.

வாஷிங்டனும் விழித்துக்கொண்டது. 2014இல் அப்ரண்டிஸ் பயிற்சியைக் கல்லூரி மதிப்பெண்ணாக ஏற்றுக்கொள்ளும் கல்லூரிகளின் கூட்டமைப்பு உருவானது. 2015இல் 17.5 கோடி டாலர் மானியம். 2019இல் சமுதாயக் கல்லூரிகளின் தேசியச் சங்கத்துக்கு, கல்லூரி வழியாக அப்ரண்டிஸ் பயிற்சியை விரிவாக்க 2 கோடி டாலர். 2025இல் பத்து லட்சம் புதிய அப்ரண்டிஸ்கள் என்ற இலக்கை வெள்ளை மாளிகை அறிவித்தது. கட்சி மாறினாலும் இந்தக் கொள்கை மாறவில்லை என்பது அமெரிக்க அரசியலில் அபூர்வம்.

ஆனாலும் எண்ணிக்கையைப் பார்த்தால் உண்மை உறைக்கும். 34 கோடிப் பேர் வாழும் அமெரிக்காவில் பதிவுபெற்ற அப்ரண்டிஸ்கள் 6 லட்சத்துக்கு மேல். அதன் மக்கள்தொகையில் கால்பங்கே உள்ள ஜெர்மனியில் சுமார் 12 லட்சம். சேர்ந்தவர்களிலும் பாதிப் பேர்கூடப் பயிற்சியை முடிப்பதில்லை. பணம் ஒதுக்கினால் கல்லூரியில் வகுப்பறை கட்டலாம், இடங்களைக் கூட்டலாம். அப்ரண்டிஸ் இடத்தை அப்படிக் கூட்ட முடியாது. அதை ஒரு முதலாளி தன் பட்டறைக்குள்தான் உருவாக்க வேண்டும். கூலி தர வேண்டும். தேர்ந்த தொழிலாளி ஒருவரின் நேரத்தை அதற்காக ஒதுக்க வேண்டும். அதனால்தான் கம்பெனி வாசலுக்கே ஆளனுப்பிப் பத்திரம் எழுதிக்கொடுத்த தென் கரோலைனா முன்னேறியது. மானியம் வாங்கிச் சுவரொட்டி அடித்ததோடு நின்ற இடங்களில் செலவுக் கணக்கு மட்டுமே ஏறியது.

இந்தக் கதை நமக்கு அந்நியமானதல்ல. பெரம்பூர் ஐசிஎஃப்பிலும் திருச்சி பெல்லிலும் 'அப்ரண்டிஸ் முடித்தவர்' என்று சொன்னால் தமிழ்நாட்டுத் தொழில் வட்டாரத்தில் தனி மரியாதை உண்டு. 1961இல் தென் கரோலைனா தன் பயிற்சித் திட்டத்தைத் தொடங்கிய அதே ஆண்டில் இந்திய நாடாளுமன்றம் அப்ரண்டிஸ் சட்டத்தை நிறைவேற்றியது. அமெரிக்கச் சட்டம் முதலாளியை வேண்டிக்கொள்கிறது. நம் சட்டம் கட்டாயப்படுத்துகிறது. 2019ஆம் ஆண்டு விதிகளின்படி 30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம், தன் பணியாளர் எண்ணிக்கையில் 2.5 முதல் 15 சதவீதம் வரை அப்ரண்டிஸ்களை எடுத்தாக வேண்டும். சமுதாயக் கல்லூரியும் நமக்குப் புதிதல்ல. அமெரிக்கக் கல்லூரிகளைப் பார்த்து உந்துதல் பெற்ற சேவியர் அல்போன்ஸ் அடிகளார் முயற்சியால் 1996இல் மெட்ராஸ் கம்யூனிட்டி காலேஜ் தொடங்கியது. பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டவர்களுக்கும் வாழ்க்கைத் திறனும் தொழில்திறனும் கற்றுத்தந்து, வேலையிடத்துக்கு அனுப்பிப் பழக்குவது அதன் பாடத்திட்டத்திலேயே இருந்தது. நம்மிடம் சட்டமும் இருக்கிறது, கல்லூரியும் இருக்கிறது. இரண்டும் ஒரே மாணவரின் வாரத்துக்குள் சந்திப்பதுதான் இன்னும் அரிதாக நடக்கிறது.

பத்தாவதோ பன்னிரண்டாவதோ முடித்த பிள்ளைகள் உள்ள வீடுகளுக்கு இப்போது தொழிற்பயிற்சி விளம்பரங்கள் நிறைய வருகின்றன. சேர்ப்பதற்கு முன் நான்கு கேள்விகளைக் கேளுங்கள். சம்பளமோ உதவித்தொகையோ தருவது யார், எவ்வளவு, எப்போது உயரும்? வேலையில் எந்தெந்தப் பிரிவில் எத்தனை நாள் பழக்குவார்கள் என்று எழுத்தில் இருக்கிறதா? வகுப்புக்குப் போகும் நேரம் வேலை நேரமாகக் கணக்கிடப்படுமா? முடிந்த பிறகு கிடைக்கும் சான்றிதழை வேறு நிறுவனமும் கல்லூரியும் ஏற்குமா? நான்குக்கும் தெளிவான பதில் தரும் இடத்தில் தயங்காமல் சேருங்கள். பதில் தராத இடத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்.